பொன்னுத்தாய் விட்டுவைத்த கறுப்பு

பெருமாள்மலை வணிகர் சங்கத் தலைவர் பழனிமுத்து ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ரிசார்ட் உரிமையாளர் செந்தில்வேல் ஐயா அவர்களே, மறைந்த பொன்னுத்தாய் அக்காவின் உடன்பிறந்த அண்ணன் ராஜமுருகன் அவர்களே, கடைகளை அடைத்துவிட்டு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே! நூலக வாசகர் வட்டத்தின் சார்பில் உங்கள் முன் நிற்கிறேன். என் பெயர் தமிழ்மதி. பதினோராம் வகுப்பு படிக்கிறேன்.

எனக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு ஓர் உரை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். "மலையின் மகளே, வானத்தின் தோழியே" என்று தொடங்கும். அகராதியெல்லாம் பார்த்து எழுதியது. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சற்று முன் இந்தத் திரையில் ஓடிய படத்தைப் பார்த்த பிறகு அதைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிக்கவும் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் குமட்டுகிறது.

யார் பொன்னுத்தாய்? வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பெருமாள்மலை முக்கில், பழனி ரோடு பிரியும் இடத்தில், ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாண ஆல்பம் எல்லாம் எடுத்தவர். போன மாதம் காய்ச்சல் என்று மலையிறங்கிப் போனார். நாற்பத்திரண்டு வயது. திரும்பி வரவில்லை. அந்த ஸ்டுடியோவின் பின்னறையில், கல்யாண ஆல்பம் செய்த அதே கணினியில், அவர் இன்னொரு வேலையும் செய்தார். வியாழன் கோளைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் எடுத்தனுப்பும் படங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். அவற்றை இறக்கி, வெட்டி, ஒட்டி, நாமே விண்கலத்தில் உட்கார்ந்து வியாழனை ஒட்டிப் பறந்து போவதுபோல் ஓடும் படங்களாக ஆக்கினார். அவரை யாரும் அமர்த்தவில்லை. யாரும் கேட்கவுமில்லை. உலகத்தில் இப்படிச் செய்கிற ஆர்வலர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் முக்கு ரோட்டுக்காரர்!

அவருக்குத்தான் இந்தக் கூட்டம். அவருக்குத்தானா என்று வாசலிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கே நிற்கும் ஃபிளெக்ஸில் இருப்பவர் யார்? அக்கா கறுப்பு. நல்ல கறுப்பு. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு அவருக்கு உண்டு. ஃபிளெக்ஸில் இருப்பவர் ரோஸ் நிறத்தில், தழும்பே இல்லாமல், அக்கா ஒருநாளும் கட்டாத பட்டுச்சேலையில் சிரிக்கிறார். யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் அக்காவின் கண்களை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். அதன் முன்னால் நின்று செல்பி வேறு எடுத்தீர்கள். சீ!

பிறகு பேச்சு தொடங்கியது. எனக்கு முன் பேசியவர்களெல்லாம் என்ன சொன்னீர்கள்? அடக்கமானவர் என்றீர்கள். அதிர்ந்து பேசாதவர் என்றீர்கள். எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்றீர்கள். எந்தப் பொன்னுத்தாயைச் சொல்கிறீர்கள்? படம் எடுக்கும்போது மாப்பிள்ளை அசைந்துவிட்டால், "ஏலே, ஆடாம நில்லுலே, நீயென்ன மரத்துல கட்டுன சேலையா" என்று பெண் வீட்டார் முன்னால் கத்துவாரே, அவரையா? அவர் அடக்கமானவரே அல்ல. தன் வேலையைப் பற்றி அவருக்குத் தலைநிறையக் கர்வம். "இந்த மேகச் சுழியப் பாரு புள்ள, என்னைய மாதிரி ஒருத்தி இதை ஒட்டியிருக்க முடியுமா?" என்று அவரே சொல்லிக்கொள்வார். முடியாதுதான்!

நான் அவருடைய மாணவி அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சொல்லித்தரும் பொறுமை கிடையாது. தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போனேன். கணினித் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் கிடந்தன. என்ன என்று கேட்டேன். "வியாழன்" என்றார். வியாழன் இப்படியா இருக்கும் என்று சண்டை போட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. படத்தின் கீழே போடும் தமிழ் வரிகளை நான் எழுதினேன். விண்கலம் அருகே வந்து கடந்து போவதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று ஒரு மழைநாள் முழுக்கப் பேசினோம். "கோள் கடத்தல்" என்று எழுதினேன். "ஏ புள்ள, அப்பிடிப் போட்டா ஸ்டேஷன்ல இருந்து வந்து என்னையப் பிடிச்சுட்டுப் போயிருவாங்க" என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டார். கடைசியில் "அருகுப் பறப்பு" என்று வைத்தோம்.

அந்தப் பட்டைகள் என்ன? பழனித் திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே செல்போனில் மலையைப் படமெடுங்கள். மலை முழுதாகக் கிடைக்குமா? கீற்றுக் கீற்றாகத்தான் கிடைக்கும். அந்த விண்கலமும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே படமெடுக்கிறது. சிவப்புக்கு ஒரு கீற்று, பச்சைக்கு ஒரு கீற்று, நீலத்துக்கு ஒரு கீற்று. ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட நொடியில் விண்கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கணக்குப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒட்டவேண்டும். ஒட்டினால் ஒரு நிழற்படம். இரண்டு நிழற்படங்களுக்கு நடுவே பறப்பதுபோல் காட்ட வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு.

நான் விடவில்லை. "நடுவில் உள்ளதை நீங்கள்தானே உண்டாக்குகிறீர்கள், அது கற்பனை இல்லையா?" என்று கேட்டேன். அக்கா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன்: "நீ பஸ்ஸுல வர்ற. ஒரு வளைவுல பெருமாள் மலை உச்சி தெரியுது. அடுத்த வளைவுல வேற பக்கமாத் தெரியுது. நடுவுல எப்பிடித் திரும்பியிருக்கும்னு சொல்லிரலாம். அது கணக்கு. ஆனா மேகம் எறங்கி மூடிருச்சுன்னு வையி. அப்ப என்ன சொல்லுவ? மேகம்னுதான் சொல்லணும். அங்கன ஒரு கோயிலு இருக்கு, கோபுரம் இருக்குன்னு சொல்லக் கூடாது."

அதனால்தான் அவருடைய எல்லாப் படங்களிலும் கறுப்பு இருக்கும். விண்கலம் படமெடுக்காத இடம், எடுத்தும் கெட்டுப்போன இடம் எல்லாம் வெறும் கறுப்பு. ஒட்டுப் போட மாட்டார். பக்கத்து மேகத்தை இழுத்து மூட மாட்டார்.

கல்யாணப் பெண்ணை மட்டும் வெளுப்பாக்கலாமா என்று கேட்டேன். ஆமாம், அக்கா வெளுப்பாக்கினார். மூடிய கண்ணைத் திறந்தார். வராத சித்தப்பாவை வரிசையில் நிறுத்தினார். "அது பொய்தான்" என்று கூசாமல் ஒப்புக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும், மாமியாளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்யி. வியாழனுக்கு நான் பூசிவிட்டா யாருக்குத் தெரியும்? யாரு அங்க போயிப் பாத்துட்டு வந்து என்னையக் கேக்கப்போறா? கேக்க ஆளில்லாத எடத்துலதான் கைய வைக்கக் கூடாது."

பெரியவர்களே! இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியுமா?

சங்கத்தின் ஆண்டு விழாவில் அவர் முதன்முதலாகப் படம் காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் நான் நினைவூட்டுகிறேன். வியாழன் பெரிதாகிப் பெரிதாகி வந்தது. திடீரென்று திரை கறுத்தது. பழனிமுத்து ஐயா எழுந்து நின்று, "ஏலே வேல்ராஜு, கரண்டு போச்சா பாரு!" என்று மைக்செட் வேல்ராஜ் அண்ணனைப் பார்த்துக் கூப்பிட்டார். பாதிப் பேர் எழுந்துவிட்டீர்கள்.

"கரண்டு போகலைங்க. படம்தான் இல்லை" என்றார் அக்கா.

"படம் இல்லைன்னா எதுக்குத்தா எங்கள உக்கார வச்சுக் காட்டுற? எங்களுக்கு வேற சோலி கெடக்கு."

"இல்லைங்கறதையும் காட்டணுமில்லைங்க."

சிரித்தீர்கள். பின்வரிசையில் யாரோ, "பொன்னுத்தாய்க்கு வியாழன் புடிச்சிருச்சு" என்றார். மறுநாளிலிருந்து அதுவே அவருக்குப் பட்டப்பெயர் ஆயிற்று. அப்படிக் கூப்பிட்டவர்கள் இன்று பூமாலையும் கையுமாக முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் பொன்னுச்சாமி மாமா. அதோ, சிரிக்கிறார். குருப்பெயர்ச்சி அன்று கடை டிவியில் ஓட விட ஒரு படம் வேண்டும் என்று வந்தார். "கொஞ்சம் மஞ்சளா அடிச்சுக் குடு ஆத்தா. குருன்னா மஞ்சள்தானே?" என்றார். "அண்ணே, கற்கண்டு போடாத டப்பாவுல கற்கண்டுன்னு எழுதி விப்பீங்களா?" என்று கேட்டார் அக்கா. "அதெப்பிடி, சாமி பேர்ல விக்கிறது" என்றார் மாமா. "இதுவும் அப்பிடித்தான். இருக்கிற கலரு இதுதான், கொண்டுட்டுப் போங்க." மாமா கொண்டுபோனார். பக்தர்கள், "என்னங்க குரு பகவான் பழுப்பா இருக்காரு, நடுவுல கறுத்துப் போறாரு" என்று கேட்டால், "நெசக் குரு அப்பிடித்தாங்க இருப்பாரு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா, உங்களுக்கு நன்றி.

இப்போது இன்றைய படத்துக்கு வருகிறேன்.

"பொன்னுத்தாய் அவர்களின் நிறைவேறாத கனவை நிறைவேற்றினோம்" என்று ஒரு குரல் சொன்னது. அது மனிதக் குரல்கூட இல்லை. அழக்கூடத் தெரியாத ஓர் இயந்திரக் குரல். வயலின் ஒலித்தது. வியாழன் வந்தது. அக்கா கறுப்பாக விட்ட இடம் வந்தது. அங்கே கறுப்பு இல்லை. மேகங்கள் சுழன்றன. பெரிய செம்புள்ளி ஒன்று எழுந்தது. மண்டபமே கைதட்டியது.

எதற்குக் கைதட்டினீர்கள்?

வியாழனில் பெரிய செம்புள்ளி ஒன்றுதான் உண்டு. பூமியைவிடப் பெரிய புயல் அது. அக்காவின் படத்தில் அது ஏற்கெனவே ஓரத்தில் வந்து போய்விட்டது. நீங்கள் கைதட்டியது இரண்டாவது செம்புள்ளிக்கு. அப்படி ஒன்று வியாழனில் இல்லை. எங்கேயும் இல்லை. ரிசார்ட் அலுவலகத்தில் ஒரு பிற்பகலில், செயற்கை நுண்ணறிவிடம் "இதை நிரப்பு" என்று சொன்னார்கள். அது நிரப்பிக் கொடுத்தது. அந்த விண்கலம் கதிர்வீச்சில் அடிபட்டு அடிபட்டு அனுப்பிய படத்தில் எதற்கும் நீங்கள் தட்டவில்லை. இல்லாத ஒன்று வந்தபோது மட்டும் தட்டினீர்கள். இதைவிட அருவருப்பான கைதட்டலை நான் கேட்டதில்லை!

நிரப்பியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்கிறீர்கள். ராஜமுருகன் அண்ணன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவர் பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். தங்கை போன துக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். நடுவில் கறுத்துப்போனதைப் பார்த்துவிட்டு, "பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டாளே எந்தங்கச்சி, அதையாச்சும் முடிச்சுக் குடுங்கய்யா" என்று அழுதிருக்கிறார். இந்த மேடையிலேயே அதைச் சொன்னார்.

அண்ணே, கொஞ்சம் என்னைப் பாருங்கள். அது பாதியில் விட்ட படம் அல்ல. அக்கா முடித்த படம்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாண ஆல்பத்தில் அக்கா ஸ்டுடியோ பெயரை எப்போது போடுவார்? கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்து, இனிமேல் கை வைக்க ஒன்றுமில்லை என்ற பிறகுதான். வியாழன் படங்களுக்கும் அதே வழக்கம். முடியாத படத்தில் பெயர் இருக்காது. முடிந்த படத்தின் வலது கீழ் மூலையில் சின்னதாக வெள்ளை எழுத்தில், "பொன்னுத்தாய், பெருமாள்மலை" என்று இருக்கும். இந்தக் கடைசிப் படத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. அவர் அதைப் போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். "முடிஞ்சுது, வெரசா டீ வாங்கிட்டு வா புள்ள" என்றார்.

இன்று காட்டிய படத்தில் அந்த மூலையில் என்ன இருந்தது? ரிசார்ட்டின் சின்னம்! அக்காவின் பெயரை அழித்துவிட்டு அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருக்கிறார்கள். பெயரை அழித்ததால்தான் முடிந்த படம் முடியாத படம் ஆயிற்று.

செந்தில்வேல் ஐயா, தேநீர் தரும்போது உங்களிடம் தனியாகச் சொன்னேன். என்ன சொன்னீர்கள்? "பாப்பா, டூரிஸ்ட் கொடைக்கானலுக்கு எதுக்கு வர்றான்? ஃபுல் வியூ பாக்க வர்றான். பாதி இருட்டைக் காட்டினா சண்டைக்கு வருவான்" என்றீர்கள். சரிதான். மேகம் மூடிய பாறை விளிம்பில் ஆட்களை நிறுத்தி, "அங்க பாருங்க சார், வைகை டேம் தெரியுது" என்று கை காட்டியே பழகிய ஊர் இது. அவர்களும் ஒன்றுமே தெரியாமல் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழக்கத்தை வியாழன் வரைக்கும் கொண்டுபோய்விட்டீர்கள். இரங்கல் கூட்டத்துத் தேநீரோடு உங்கள் நட்சத்திரக் காட்சிக்குத் தள்ளுபடிக் கூப்பனும் கொடுத்தீர்களே, அது இதோ என் கையில் இருக்கிறது. கை கழுவ வேண்டும்போல இருக்கிறது.

தலைவர் மணியைக் காட்டுகிறார். தெரிகிறது ஐயா. முடிக்கிறேன்.

மேடையில் ஒரு தாம்பாளம் இருக்கிறது. ரோஜா இதழ், சந்தனம், குங்குமம். நடுவில் அக்காவின் ஹார்ட் டிஸ்க். அதற்கும் பொட்டு வைத்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் ராஜமுருகன் அண்ணன் அதைச் செந்தில்வேல் ஐயாவிடம் கொடுப்பதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறது. ரிசார்ட்டில் அக்காவின் பெயரில் ஓர் அரங்கமாம். அண்ணே, அதில் அக்கா செய்த எல்லாப் படங்களும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கறுப்பு இருக்கிறது. இன்று ஒன்றை நிரப்பினார்கள். நாளைக்கு அத்தனையையும் நிரப்புவார்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு எது விண்கலம் கண்டது, எது ரிசார்ட் கண்டது என்று எப்படித் தெரியும்? அரங்கத்தின் வாசலில் பெயர் மட்டும் பொன்னுத்தாய் என்று இருக்கும், ஃபிளெக்ஸில் முகம் இருப்பதைப்போல.

கொடுக்காதீர்கள் அண்ணே. நூலகத்துக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கறுப்பு கறுப்பாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. மாதத்தில் ஒருநாள் அக்கா காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் தனியாகப் போவார். சாயங்காலம் திரும்புவார். எதற்கு என்று சொன்னதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கப் போனார் என்று பழனிமுத்து ஐயா உருக்கமாகப் பேசினார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். ஐயா, நீங்கள் பார்த்தீர்களா? யாராவது பார்த்தீர்களா? நானும் ஒருநாள் கேட்டேன். "ஒனக்கெதுக்கு?" என்றார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அது கறுப்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

"அக்காவின் பணியைத் தொடர்வோம்" என்று உறுதிமொழி சொல்லி முடிப்பது இந்த மாதிரிக் கூட்டங்களில் முறை. நான் அவரைப்போல் செய்வேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கில் பாதிகூட எனக்கு வராது. சொன்னால் அது நான் பூசும் பூச்சு. வாசகர் வட்டத்தின் சார்பில் இதைத்தான் சொல்ல முடியும்: விண்கலம் அடுத்தமுறை வியாழனை நெருங்கிப் படமனுப்பினால், அந்தப் பட்டைகளை இறக்குவோம். முடிந்தவரை ஒட்டுவோம். கோணலாகத்தான் வரும். பார்த்ததை வைப்போம். பார்க்காத இடத்தைத் தொட மாட்டோம்.

வேல்ராஜ் அண்ணே, இந்தப் பென் டிரைவைப் பிடியுங்கள். தமிழ் வரி எழுதுவதற்காக அக்கா எனக்குக் கொடுத்த பிரதி இது. அவர் முடித்தபடியே இருக்கிறது. வயலின் இல்லை, குரல் இல்லை. போடுங்கள். தலைவர் அனுமதி வேண்டுமா? ஐயா, ஒரு பாட்டு ஓடும் நேரம்கூட ஆகாது.

பொறுங்கள். ராஜமுருகன் அண்ணன் எழுந்திருக்கிறார்.

தாம்பாளத்திலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்துத் துண்டில் சுற்றுகிறார். பொட்டைத் துடைக்கிறார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போடுப்பா வேல்ராஜு, எந்தங்கச்சி பேரு எங்கன இருக்குன்னு நான் பாக்கணும்" என்கிறார். எல்லோருக்கும் கேட்டதா?

வலது கீழ் மூலை அண்ணே. சின்ன எழுத்து. அங்கேயே பார்த்துக்கொண்டிருங்கள்.

விளக்கை அணையுங்கள். பெரியவர்களே, தாய்மார்களே, வடதுருவத்திலிருந்து வருவோம். நீலச் சுழிகள் வரும், பழுப்புப் பட்டைகள் வரும், ஓரத்தில் செம்புள்ளி வரும். ஒன்றே ஒன்று. அதன் பிறகு திரை முழுக்கக் கறுக்கும். கொஞ்ச நேரம் கறுத்தே இருக்கும். அப்போது யாரும் எழுந்திருக்க வேண்டாம். கரண்ட் போகவில்லை.